தோட்டத்துப் பிள்ளைக்கு ஜாஸ் எதற்கு?

ரம்புக்கனைப் பக்கத்து இறப்பர் தோட்டப் பிள்ளைகளுக்கு ஜாஸும் சோலும் எதற்கு என்று கேட்கிறார்கள். அது கொழும்பாரின் சங்கீதமாம்! கேள்வியையே நான் மறுக்கிறேன்.

'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' 1930இல் ஹோகி கார்மைக்கேல் மெட்டமைத்த பாடல். 1960இல் அதைத் தனதாக்கிக்கொண்டவர் ரே சார்ள்ஸ். வறுமையில் வளர்ந்து, சிறுவயதிலேயே பார்வையிழந்த கறுப்பினக் கலைஞர். இதில் மேட்டுக்குடி எங்கே வந்தது?

அதன் தொடக்கத்தைப் பியானோவில் வாசித்துப் பாருங்கள். எப் மேஜர், ஏ செவன், டி மைனர். மூன்று கோர்டுகளுக்குள்ளும் சி, சி ஷார்ப், டி என ஒரு குரல் அரையரைச் சுரமாக ஏறுகிறது, ரம்புக்கனை தாண்டிய ரயில் கடுகண்ணாவைக்கு ஏறுவதுபோல. எப் மேஜருக்கு அந்நியமான அந்த சி ஷார்ப்தான் டி மைனருக்காக நம்மை ஏங்கவைக்கிறது. ஒற்றை விரலுக்கு முழுக் கோர்டையும் ஒலிக்கும் கீபோர்ட் இதைக் கற்றுத்தராது. பரீட்சைக்கான மனப்பாடமும் தராது. ஒரு நல்ல பாடலைப் பிரித்துப் பார்க்கும் காது தரும்.

பண்ணைப்புரத்து இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்றார். 'உனக்கெதற்கு?' என்று மாஸ்டர் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால் இழப்பு யாருக்கு?

பிள்ளைகளிடம் பாடலைக் கொடுங்கள். எதற்கு என்பதை அவர்களே சொல்வார்கள்.