ஸ்டால் போடும் முன் சான்றிதழ் யார் பேரில் இருக்குன்னு பாருங்க

ஊருக்கு வரும் சென்னை நண்பர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இயற்கை மஞ்சளுக்கு வெளிநாட்டுல அவ்வளவு கிராக்கியாமே, நீங்களே ஒரு கண்காட்சியில ஸ்டால் போட்டு நேரா வித்துடலாமே?" கேட்க நல்லாத்தான் இருக்கு. கண்காட்சிகள் வேண்டாம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் வருஷா வருஷம் பிப்ரவரியில் நடக்கும் பயோபாக், இயற்கை விளைபொருளுக்கு உலகத்திலேயே பெரிய சந்தை. அங்கே அபெடா இந்திய அரங்கு அமைக்கிறது. சின்ன விவசாயக் குழுக்களும் அதில் இடம் கேட்கலாம்.

ஆனால் ஸ்டாலுக்கு வருகிற வெளிநாட்டு வியாபாரி நம்ம மஞ்சளை மோந்து பார்த்துவிட்டு முதலில் கேட்பது, எத்தனை டன் தருவீங்க என்றுதான். ஏக்கருக்கு வேகவைத்துக் காயவைத்த மஞ்சள் 2 டன் எடுத்தாலே எங்க பக்கம் நல்ல வெள்ளாமை. 20 அடி கன்டெய்னர் நிரம்ப 10 டன்னுக்கு மேல் வேண்டும். ஏக்கர், ஒன்றரை ஏக்கர் போடுகிற ஆட்கள் ஐந்தாறு பேராவது சேரணும். எல்லாரும் ஒரே பதத்தில் வேகவைத்திருக்கணும், எல்லாருக்கும் சான்று இருக்கணும். சென்னைக் கடைகளில் விற்க உதவும் பி.ஜி.எஸ். சான்று உள்நாட்டுக்கு மட்டும்தான். கப்பல் ஏற என்.பி.ஓ.பி. சான்று வேண்டும். ரசாயனத்தை நிறுத்தி இரண்டு வருஷம் காத்திருந்தால்தான் மஞ்சள் மாதிரி ஓராண்டுப் பயிருக்கு அது கிடைக்கும்.

இதைக்கூட சமாளித்துவிடலாம். சிக்கலே வேற இடத்தில். பல ஊர்களில் ஏற்றுமதிக் கம்பெனிகளே வந்து விவசாயிகளைக் குழுவாகச் சேர்த்து, ஆய்வுக் கட்டணமும் கட்டி, ஃபைலைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. பக்கத்து ஊரில் சொந்தக்கார மாமா ஒருத்தர் அப்படிச் சேர்ந்தவர். நல்ல விலைக்கு இன்னொரு ஆள் வந்தபோது கேட்டேன்.

"ஏனுங் மாமா, சான்றிதழ் எங்கீங்க?"

"அது கம்பெனிக்காரங்ககிட்ட இருக்குது மாப்ளே. நம்ம பேரு உள்ள எங்கியோ லிஸ்ட்டுல இருக்குமாட்ட."

நாலு வருஷம் யூரியா மூட்டையைத் தொடாத மனுஷன். ஆனால் அந்தக் கம்பெனியைத் தவிர வேறு யாருக்கு விற்றாலும் அவர் மஞ்சள் சாதா மஞ்சள். இவர் நியூரம்பெர்க் போய் என்ன செய்வார்?

2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் இதில்தான் கை வைக்கிறது. குழு என்றால் விவசாயிகளே உறுப்பினராக இருக்கும், சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்கணும். ஒரே வட்டாரமாக இருக்கணும், 2000 பேருக்கு மேல் கூடாது. 2025 ஜனவரியில் வந்த புதிய என்.பி.ஓ.பி. விதிகளும் குழுவுக்குச் சட்ட அந்தஸ்து தந்திருக்கின்றன. எழுத்து வேலை கூடுதுன்னு எங்க ஆட்களே சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு என்னவோ, சின்ன விவசாயி கைக்கு ஏதோ ஒன்று வந்த மாதிரித்தான் தெரிகிறது. சான்று நம்ம பேரில் இருந்தால்தான் வியாபாரியிடம் விலை பேச வாய் வரும்.

சான்றோடு நின்றாலும் போதாது. 2020 செப்டம்பரில் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்ஸைடு இருப்பதாக பெல்ஜியம் எச்சரித்தது. ஐரோப்பியக் கடைகளில் இருந்து எள் சேர்ந்த பொருட்களைத் திரும்ப எடுத்தார்கள், இயற்கை எள்ளும் அதில் மாட்டியது. அது காட்டில் தெளிக்கிற மருந்து இல்லை. அறுவடைக்கு அப்புறம் கிருமியைக் கொல்லப் பிடிக்கிற வாயு. நம்ம காடு சுத்தம், கெட்டது வழியில். அதனால் சலிப்பதும் சுத்தம் செய்வதும் இருப்பு வைப்பதும் குழுவின் சொந்தக் கிடங்கில் நடக்கணும் என்பேன். யார் காட்டு மூட்டை எது, எந்தத் தேதியில் வந்தது என்று நோட்டு இருக்கணும். டிரேஸ்நெட் என்கிற அபெடாவின் கணினிப் பதிவில் ஏறாத ஒரு கிலோவையும் இயற்கை என்று சொல்லி ஏற்றுமதி பண்ண முடியாது.

மானியத்தில் கண்காட்சிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் தலைவரும் அவருக்கு வேண்டியவர்களும். போட்டோ நல்லா வரும். நூறு விசிட்டிங் கார்டோடு வருவார்கள். மார்ச் மாசம் அந்தக் கார்டுக்காரர்களுக்கு யாரும் பதில் மெயில் போட்டிருக்க மாட்டார்கள். என்னைக் கேட்டால், மூட்டைக் கணக்கு எழுதுகிற பெண்ணை அனுப்பணும். எந்த லாட்டில் எவ்வளவு இருக்கு, சாம்பிள் அனுப்பினதும் ஏற்றப் போறதும் ஒரே சரக்கா என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளைதான் நின்ற இடத்தில் பதில் சொல்லும். முதல் வருஷம் ஸ்டாலே வேண்டாம், டிக்கெட் வாங்கி உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்து, மற்ற நாட்டுக்காரன் என்ன அளவில் கட்டி வைத்திருக்கிறான், என்ன பரிசோதனை அறிக்கை ஒட்டி வைத்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டு வரட்டும்.

நாங்கள் இப்போதுதான் எங்க உற்பத்தியாளர் கம்பெனி பேரிலேயே சான்றுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். ஆய்வாளர் மாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமாவும் கையெழுத்துப் போட்டுவிட்டார், பழைய கம்பெனி ஃபைலைத் தருமா என்பதுதான் பாக்கி.