வயிற்றைக் காயப்போடலாமா?

அடைமழை ஓய்ந்து நாலு நாள் வெயில் அடித்தால், தாம்பரத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சின்ன வகுப்புகள் காலியாகத் தொடங்கும். 2015-ம் வருஷம் டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரை மூழ்கடித்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் எப்படியும் வடிந்துவிடும். ஆனால் சாக்கடை நீர் கிணற்றிலும் தொட்டியிலும் கலந்துவிட்டால், அதன் பலனைக் குழந்தைகளின் வயிறுதான் அநுபவிக்கும்.

சென்ற மழைக்காலத்தில் நமது அண்டை வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் பேதி கண்டது. "உள்ளே போவதெல்லாம் வெளியே வருகிறதே, வாத்தியாரே! வயிற்றைக் காயப்போட்டால் தானே நின்றுவிடும்" என்றார் பாட்டியம்மாள். தாய்ப்பாலையும் நிறுத்திவிட்டார்கள். மாலையில் நாம் போய்ப் பார்த்தபோது குழந்தையின் கண்கள் குழி விழுந்திருந்தன. அழுதது, ஆனால் கண்ணீர் வரவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். தெய்வாதீனமாகக் குழந்தை பிழைத்தது.

பேதியில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் உடம்பிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதேயாகும். வெறுந் தண்ணீர் மட்டும் போதாது. சர்க்கரையும் உப்பும் அளவோடு சேர்ந்தால், பேதியான குடலும் அவ்விரண்டையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. பின்னாலேயே தண்ணீரும் உள்ளே போகிறது.

இதன் மகிமையை உலகுக்கு நிரூபித்தவர் நம் நாட்டு வைத்தியர் ஒருவர். 1971-ல் வங்காள தேசத்துப் போரின்போது, எல்லையோரத்துப் போங்காவ் அகதி முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தட்டுப்பட்டது. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் சோடா உப்பும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கிற்று.

அந்த மருந்துதான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. காய்ச்சி ஆறிய நீரில், பொட்டலத்தில் குறித்த அளவுப்படி கரைக்க வேண்டும். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போதும், உப்பு மிஞ்சலாகாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் 50 முதல் 100 மில்லி வரை கரண்டியால் சிறுகச் சிறுகப் புகட்டலாம். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மீண்டும் கொடுக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் கரைசலை வைத்திருக்கலாகாது. தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தவே கூடாது. வைத்தியர் துத்தநாக மாத்திரை கொடுத்தால், பேதி நின்ற பிறகும் சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண், சிறுநீர் இல்லாமை, குடிக்கவும் முடியாத சோர்வு இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இப்போது அந்தப் பாட்டியம்மாளின் அலமாரியில், விபூதிச் சம்புடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பொட்டலங்கள் இருக்கின்றன. தெருவுக்கெல்லாம் அவரே உபதேசம் செய்துவருகிறார். நமக்கு வேலை குறைந்தது!