'நீ எங்க செட்டு இல்லை!'



"நீ எங்க செட்டு இல்லை, போ!" மதிய இடைவேளையில் எந்தப் பள்ளி மைதானத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். நாலு பேர் ஒன்றாகத் திரிவதில் தப்பில்லை. ஐந்தாவதாக ஒருவர் வரும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. அதற்கு நம் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, பார்ப்போமா?

சேர்ந்து ஒரு வேலை செய்பவர்கள் 'குழு'. 'கோஷ்டி' என்பதும் நல்ல சொல்லாகத்தான் இருந்தது. பஜனை கோஷ்டி என்பார்கள். இப்போது 'கோஷ்டிப் பூசல்' என்றுதான் அதிகம் கேட்கிறோம்.

'காய் விடுவது' இரண்டு பேர் சண்டை. சாயங்காலத்துக்குள் 'பழம்' விட்டால் தீர்ந்தது. 'ஓரங்கட்டுவது' அப்படியல்ல. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் ஒருவரிடம் மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

'ஒப்புக்குச் சப்பாணி' தெரியும்தானே? விளையாட்டில் இருப்பான், அவன் அவுட் ஆனாலும் கணக்கில் வராது. சப்பாணி என்றால் நடக்க இயலாதவர். ஒருவரை ஒதுக்க, இன்னொருவரின் குறையை இழுக்கிற சொல் இது. நமக்கு வேண்டாமே!

எல்லாவற்றிலும் கொடியது 'தள்ளி வைப்பது'. ஊரே கூடி, ஒரு குடும்பத்தோடு பேசாதே, தண்ணீர் கொடுக்காதே என்று கட்டளை போடுவது. பிறப்பைக் காரணம் காட்டி, ஒரு சமூகத்தையே தலைமுறை தலைமுறையாகத் தள்ளி வைத்தார்கள். அதற்குப் பெயர் 'தீண்டாமை'.

நம் தேனிப் பகுதி மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நுழைய முடியாது. 1939-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர் அவர்களை உள்ளே அழைத்துச் சென்றார். அப்படிப் போனவர்களில் ஒருவர் கக்கன். பிற்காலத்தில் தமிழக அமைச்சராகி, எளிமைக்கும் நேர்மைக்கும் பெயர் பெற்றார். எப்பேர்ப்பட்ட மனிதரை வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள், பாருங்கள்!

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைக் கடைப்பிடிப்பது குற்றம். ஆனால், மைதானத்தில் ஓரங்கட்டுவதற்கு எந்தப் போலீசும் வராது. அதை நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

கம்பம், போடி பக்கத்திலிருந்து ஏலத் தோட்ட வேலைக்காகக் கேரள மலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். அங்கேயே தங்கிவிட்ட குடும்பத்துப் பிள்ளை, இறங்கி வந்து உங்கள் வகுப்பில் சேரலாம். பேச்சில் இரண்டு மலையாளச் சொல் கலந்து வரும். கேட்டவர்கள் சிரித்தால், மறுநாளிலிருந்து அந்தப் பிள்ளை வாயே திறக்காது. பாடத்தில் சந்தேகம் வந்தாலும் கேட்காது. "சும்மா விளையாட்டுக்குத்தானே சிரித்தோம்" என்று நீங்கள் சொல்லலாம். படிப்பு கெடுவது அந்தப் பிள்ளைக்கு அல்லவா?

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் வகுப்பில் தனியாகச் சாப்பிடுகிறவர் யார் என்று கவனியுங்கள். நாளை மதியம் உங்கள் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். "என்ன கொண்டு வந்திருக்கே?" என்று கேளுங்கள், அது போதும்.

அன்புடன்,
ஆசிரியர்