யானைமலைக்கு அடியில் நெருப்பு இருக்கிறதா?

மழையும் காற்றும் அடித்து ஓய்ந்தால் அவ்வப்போது ஒரு வீடியோ நம் போனுக்கு வந்துவிடும். மின்கம்பத்தின் அடியில் மண் கொதிக்கிறது. செக்கச்செவேலென்று ஏதோ குழம்பாக வழிகிறது. சுற்றிலும் பத்துப் பேர் நின்று படம் பிடிக்கிறார்கள். ‘நம்ம ஊரில் எரிமலை!’ என்று தலைப்பு. மதுரைக்காரர்கள் குழுவாக இருந்தால் கூடவே ஒரு வரி சேரும்: ‘யானைமலையே அணைந்துபோன எரிமலைதானாம்.’

இரண்டுமே தவறு. அதிலும் முதலாவதை நம்பிக் கிட்டே போனால் உயிருக்கு ஆபத்து. அதற்கு வருமுன் மலையைப் பார்த்துவிடுவோம்.

ஒத்தக்கடை நரசிங்கப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள், அந்தக் குடைவரைக்குப் பக்கத்தில் பாறையைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அரிசி அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் மணிகள் தெரியும். வெளுப்பும் இளஞ்சிவப்புமாக இருப்பது பெல்ட்ஸ்பார். கண்ணாடி போல மங்கலாக இருப்பது நம் ஆட்கள் வெங்கச்சங்கல் என்று சொல்லும் குவார்ட்ஸ். மினுக்கும் கறுப்புச் செதில் காக்கைப்பொன். இந்த மணிகள்தான் சாட்சி.

கற்கண்டு எப்படி விளைகிறது? பாகை அசைக்காமல் நாள்கணக்கில் வைத்தால் பெரிய பெரிய கட்டியாக விளையும். அதே பாகைத் தட்டில் ஊற்றிச் சட்டென்று ஆறவைத்தால் கண்ணாடி மாதிரி மிட்டாய்தான் கிடைக்கும். கல்லும் அப்படித்தான். பூமிக்குள் உருகிய கற்குழம்புக்கு மாக்மா என்று பெயர். அதுவே வெளியே வந்தால் லாவா. லாவா காற்றிலும் நீரிலும் பட்டு விரைவாக ஆறுவதால் மணிகள் கண்ணுக்குத் தெரியாது. சில சமயம் கண்ணாடியாகவே உறைந்துவிடும். குதிகாலைத் தேய்க்கும் நுரைக்கல், வாயுக் குமிழிகளோடு அப்படி உறைந்ததுதான்.

யானைமலையும் மேலூர்ப் பக்கத்துக் குன்றுகளும் கிரானைட்டும், அதன் உறவான வரிவரியான நைஸ் பாறையும். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதி ஒட்டிய காலத்தில், தரைக்கு 20 கிலோமீட்டருக்கும் கீழே வெந்து, பாதி உருகி, மெதுவாக ஆறிய பாறைகள் இவை. மேலே இருந்த அத்தனை கல்லையும் மழையும் ஆறும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்து எடுத்துவிட்டன. ஆக, யானைமலையில் நிற்கும்போது நாம் நிற்பது எரிமலையின் உச்சியில் அல்ல. ஒரு பழைய மலைத்தொடரின் அடிவயிற்றில். எனக்கென்னவோ எரிமலைக் கதையைவிட இதுதான் பிரமிப்பாக இருக்கிறது.

சரி, இப்போது கீழே தோண்டினால் நெருப்புக் கடல் இருக்காதா? பள்ளிக்கூடப் படத்தில் சிவப்பு வண்ணம் பூசியதால் வந்த வினை இது. பூமியின் மேலோட்டுக்கு அடியில் உள்ள மேன்டில் பெரும்பாலும் திடமான பாறைதான். சூடு இருக்கிறது, ஆனால் மேலிருந்து அழுத்தும் பாரம் அதை உருக விடுவதில்லை. நம் தென்னிந்தியப் பாறைத்தளமோ பழையது, தடித்தது, குளிர்ந்தது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த கோலார் தங்கச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அதன் அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத்தான் தாண்டியது. கிரானைட் உருகக் குறைந்தது 650, 700 டிகிரி வேண்டும்.

அப்படியானால் எரிமலை எங்கே வரும்? பாரம் குறைகிற இடத்தில், அல்லது சூடான பாறைக்குள் தண்ணீர் போய்ச் சேருகிற இடத்தில். ஐஸ் மீது உப்பைப் போட்டால் சீக்கிரம் உருகுகிறதே, அதுபோலத் தண்ணீர் சேர்ந்தால் பாறையும் குறைந்த சூட்டிலேயே உருகும். அந்தமானுக்குக் கிழக்கே நடப்பது இதுதான். அங்கே இந்தியத் தட்டு இன்னொரு தட்டுக்கு அடியில் அமிழ்கிறது. கூடவே கடல்நீரை ஏந்திய பாறைகளும் உள்ளே போகின்றன. இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலையான பாரன் தீவு, போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 1787-ல் அது வெடித்ததைக் கப்பலில் போனவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிறகு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் உறங்கி, 1991-ல் விழித்தது. இன்னும் முழுசாக அடங்கவில்லை. அங்கே மக்கள் குடியிருப்பு இல்லை.

வெடிப்பதற்குக் காரணம் நெருப்பு அல்ல, வாயு. கோலி சோடாவில் கோலியை அமுக்கியதும் புஸ்ஸென்று பொங்குகிறதே, அதேதான். மேலே வர வர அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த நீராவியும் மற்ற வாயுக்களும் குமிழியாகப் பிரிந்து குழம்பைத் தள்ளிக்கொண்டு வரும்.

மதுரைச் சமவெளியில் இதில் எதுவும் கிடையாது. பிறகு அந்த வீடியோவில் உருகியது என்ன?

மண்தான். உயர் அழுத்தக் கம்பி அறுந்தோ, பீங்கான் குமிழ் பழுதாகியோ மின்சாரம் தரைக்குள் பாய்ந்தால், அந்த இடத்தில் சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல் போய் மண்ணும் கல்லும் கண்ணாடியாக உருகும். 1998-ல் நெல்லைக்கு அருகே அபிஷேகப்பட்டியில் இப்படிக் குழம்பு வந்தபோது நிலவியலாளர்களே ஆய்விதழ்களில் வாதாடினார்கள். ஆனால் இத்தகைய சம்பவங்கள் திரும்பத் திரும்ப மின்கம்பத்தை ஒட்டியே நடப்பது ஏன்? எரிமலைக்கு ஈபி லைன் தெரியுமா என்ன!

குழம்பு கொதிக்கிறதென்றால் லைனில் இன்னும் மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். மண்ணுக்குள் போகும் மின்சாரம் குறைவாக இருந்தால், துணைமின் நிலையத்தில் லைன் தானாகத் துண்டிக்கப்படாமலும் போகலாம். சுற்றியுள்ள தரையிலும் மின்னழுத்தம் பரவியிருக்கும். நடக்கும்போது ஒரு பாதத்துக்கும் மறுபாதத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசமே ஆளைச் சாய்த்துவிடும். மாடுகளுக்கு முன்கால், பின்கால் இடைவெளி அதிகம் என்பதால் அவை முதலில் விழும். அவிழ்த்துவிடப் போகிறேன் என்று ஓடாதீர்கள்.

குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஈரத் தரையென்றால் இன்னும் தள்ளி. தண்ணீர் ஊற்றவே கூடாது. ஏற்கெனவே கிட்டே போய்விட்டால், இரண்டு பாதமும் ஒட்டியபடி தரையைத் தேய்த்துத் தேய்த்து விலகி வாருங்கள். படம் பிடிக்கிற அதே போனில் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் பேசி, கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணை தூரத்திலிருந்தே படித்துச் சொல்லுங்கள். லைனை அணைத்த பிறகும் அந்தக் கறுப்புக் கண்ணாடிக் கட்டியைப் பிள்ளைகள் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சூடு அவ்வளவு சீக்கிரம் ஆறாது.