இலவச ரப்பிங் வேண்டாம் என்று சொல்லுங்கள்



போன வாரம் வீட்டு வாசலில் எடுத்த படத்தைப் போட்டதிலிருந்து "சார், புது காரா?", "மாமா, சொல்லவே இல்லையே, எப்ப வாங்குனீங்க?" என்று ஒரே விசாரிப்பு. புதுசு இல்லை. அதே 2010 வேகன் ஆர்தான், அதே கருநீலம். உங்களில் பாதிப் பேர் அதில் ஏறியிருப்பீர்கள். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு மாதிரிகளை அடைத்துக்கொண்டு போனதும் அதில்தான். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி.யையும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று. பாலிஷ் போட்டது நான், மிஷின் வைத்து, வீட்டிலேயே. அதைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது. நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

தொடங்கியது ஒரு அவமானத்தில். மகன் வற்புறுத்தினான் என்று எக்ஸ்சேஞ்ச் விலை கேட்கப் போனேன். வந்து பார்த்த பையன் என்ஜினைக்கூடத் திறக்கவில்லை. பானெட்டில் விரலை வைத்துத் தேய்த்துவிட்டு, "பெயிண்ட் செத்துப் போச்சு சார்" என்று சொல்லி நான் நினைத்ததில் பாதி விலை சொன்னான். வேறொரு இடத்தில், இருபத்திரண்டாயிரம் கொடுத்தால் செராமிக் கோட்டிங் போட்டுப் புதுசாக்கித் தருவதாகச் சொன்னார்கள். என் பென்ஷன் எவ்வளவு என்று உறவுக்காரர்களுக்குத் தெரியும்.

பெயிண்ட் சாகவில்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் கத்திக் கத்திச் சொன்னதை நினைவுபடுத்திப் பாருங்கள்: ஒழுங்கான எதிரொளிப்பு, ஒழுங்கற்ற எதிரொளிப்பு. பரப்பு வழுவழுப்பாக இருந்தால் ஒளிக்கதிர்கள் ஒரே ஒழுங்கில் திரும்பும், முகம் தெரியும். பரப்பில் நுண்ணிய கீறல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் கதிர்கள் நாலாபக்கமும் சிதறும், மங்கலாகத் தெரியும். நிறம் உள்ளே அப்படியேதான் இருக்கிறது. வெயிலில் காரைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகத் தெரிகிறதே, அவை உண்மையில் வட்டக் கீறல்கள் அல்ல. கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் கிடக்கின்றன. ஒளிக்குக் குறுக்கே அமைந்தவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகத் தோன்றுகிறது. பழைய எவர்சில்வர் தட்டை விளக்கடியில் பிடித்துப் பாருங்கள், அதே கதைதான்.

இந்தக் கீறல்களைப் போட்டது யார்? நானேதான். பதினைந்து வருடமாகக் காலையில் எழுந்ததும் ஒரு பழைய பனியன் துணியை எடுத்து, காய்ந்த தூசியோடு காரைத் துடைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் சிமென்ட் வேலை நடக்காத மாதமே கிடையாது. அந்தத் தூசி என்பது மணல். மணலை வைத்துத் தினமும் தேய்த்துவிட்டு, "காரைப் பளிச்சுன்னு வச்சிருக்கேன்" என்று பெருமை வேறு. போதாததற்கு எங்கள் திண்டுக்கல் போர் தண்ணீர். கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் சொட்டு சொட்டாக வெள்ளை வட்டம். கால்சியம் உப்பு, குக்கர் அடியில் படிவதன் தம்பி. புதிதாக இருக்கும்போது தண்ணீர் கலந்த வினிகரில் கரைந்துவிடும், உடனே கழுவிவிட வேண்டும். வெயிலில் நாள்கணக்கில் வெந்தால் பெயிண்டையே அரித்துக் குழி விழுந்துவிடும். எங்கள் வீட்டம்மா, "ஏங்க, தெனமும் வரட்டுத் துணியில தேய்க்காதீங்க" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இயற்பியல் வாத்தியாருக்கு அது காதில் ஏறவில்லை.

இது என் தவறு. இன்னொரு தவறு இருக்கிறது. அதில் நீங்களும் மாட்டியிருப்பீர்கள் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

சர்வீஸுக்கு விடும்போதெல்லாம், "சார், இந்தத் தடவை ரப்பிங் பாலிஷ் ஆஃபர்ல இருக்கு, போட்டுரவா?" என்பார்கள். ஓசியில் வருகிறதே என்று ஐந்து தடவை தலையாட்டியிருக்கிறேன். மாலையில் வண்டி எடுக்கும்போது பளபளவென்று இருக்கும். இரண்டு மாதத்தில் பழையபடி மங்கும், முன்பைவிட அதிகமாக. ஏன் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இப்போது காரணம் தெரிகிறது. இந்தக் கால மெட்டாலிக் காரில் நிறத்துக்கு மேலே கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது, கிளியர் கோட். சுமாராக 40 மைக்ரான், அதாவது நம் தலைமுடியைவிடவும் மெல்லியது. பளபளப்பும் அதுதான், வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடையும் அதுதான். பாலிஷ் என்பது எதையும் பூசுவதல்ல. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள படலத்தைச் சீவி எடுப்பது. மேடு பள்ளத்தைச் சமன்செய்ய மேட்டை வெட்டுவது போல. வெட்டியது திரும்ப முளைக்காது. கவனமாகச் செய்தால் ஒரு தடவைக்கு ஓரிரு மைக்ரான்தான் போகும். ரோட்டரி மிஷினில் முரட்டுக் காம்பவுண்டைப் போட்டுப் பத்து நிமிடத்தில் பானெட்டை முடித்தால் எவ்வளவு போகும் என்று யார் அளந்தார்கள்? வேகமாக முடிப்பதற்காக மெழுகையும் எண்ணெயையும் கீறலுக்குள் நிரப்பி அனுப்புவதும் உண்டு. அது இரண்டு மழையில் கரைந்துபோகும். அந்தப் பட்டறைப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. மாலைக்குள் எட்டு வண்டி முடிக்கச் சொன்னால் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

கோவையில் கார் டீடெய்லிங் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஊருக்கு வந்தபோது தடிமன் அளக்கும் மீட்டரோடு வந்தான். (பெயர் போட வேண்டாம் என்று கட்டளை. பத்தாம் வகுப்பு அரையாண்டில் அறிவியலில் எடுத்த மார்க்கும் சொல்லக் கூடாதாம்.) அந்தக் கருவி தகட்டுக்கு மேலே உள்ள எல்லா அடுக்கையும் சேர்த்துத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. கூரையில் 118, கதவுகளில் 110-ஐ ஒட்டி. பானெட்டில் 92, ஒரு இடத்தில் 86. பையன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சார், ஓசி ரப்பிங் எத்தனை தடவை போட்டீங்க?" என்றான். அவன் பரிசோதனைத் தாளை நான் பார்த்த காலம் போய், என் காரை அவன் திருத்திக்கொண்டிருந்தான்.

அவன் யோசனைப்படி டூயல் ஆக்ஷன் மிஷின் வாங்கினேன், ஐயாயிரத்துச் சொச்சம். ரோட்டரி ஒரே அச்சில் சுழலும். ஒரு இடத்தில் நின்றால் சூடேறிப் பெயிண்ட் கருகும். டூயல் ஆக்ஷன் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும், பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப அழுத்தினால் சுழற்சி நின்று வெறுமனே அதிரும். புதிதாகத் தொடங்குபவருக்கு அதுவே பாதுகாப்பு. பேடின் பின்தட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கோடு சுற்றுவது தெரிந்தால் அழுத்தம் சரி, நின்றால் அதிகம். இரண்டு ரூபாய்ச் செலவில் இதைவிட நல்ல அளவுகருவி நான் லேபில்கூடப் பார்த்ததில்லை.

மிஷின் போடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால்தான் பாதி உழைப்பு. ஷாம்பூ போட்டு நன்றாகக் கழுவ வேண்டும், துணியை அலச வேறு வாளி. கழுவிய பிறகும் கை வைத்தால் மணல் தாள் போல நெருநெருவென்று இருக்கும். அதற்கு கிளே பார் என்று களிமண் மாதிரி ஒன்று விற்கிறார்கள், சோப்புத் தண்ணீர் தெளித்து மெதுவாகத் தேய்த்தால் ஒட்டிக்கிடப்பதெல்லாம் அதில் வந்துவிடும். அது கீழே விழுந்தால் தூக்கி எறிந்துவிடுங்கள், துடைத்து மறுபடி போடாதீர்கள். ரப்பர், கறுப்பு பிளாஸ்டிக், ஓரங்களுக்கெல்லாம் மாஸ்கிங் டேப். பிறகு நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது, இரண்டடிக்கு இரண்டடி ஒரு கட்டம். பேடில் நாலு சொட்டு பாலிஷ், பட்டாணி அளவு. முதலில் குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு வேகம் கூட்டி, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று ஏர் உழுவது போல ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி ஓட்ட வேண்டும். அவசரமே கூடாது. துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்து, போதுமென்றால் நிறுத்திவிட வேண்டும். மென்மையான பேடும் மென்மையான பாலிஷும் முதலில். அதில் சரியாகாவிட்டால்தான் அடுத்தது. கண்ணாடியும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளைத் தூள் பறக்கும். காலை ஆறிலிருந்து ஒன்பதுவரை, நாலு நாள் ஆனது எனக்கு. இடுப்பு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள் நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். கதவுகள் நன்றாக வந்த தைரியத்தில் பானெட்டின் முன் ஓரத்துக்கு டேப் ஒட்டவில்லை. அங்கே ஒரு கீறல் போக மறுத்தது. முரட்டு பேடைப் போட்டு வேகத்தை ஐந்தில் வைத்து இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை. திடீரென்று அந்த இடம் சாம்பல் பூத்தது போல ஆகிவிட்டது. கோவைக்குப் போன் போட்டேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "சார், பேடுல நீலம் ஒட்டியிருக்கா?" திருப்பிப் பார்த்தேன். ஒட்டியிருந்தது. கிளியர் கோட் போய் நிறமே தேய்ந்து வந்திருக்கிறது. ஓரங்களில் பெயிண்ட் இயல்பாகவே மெல்லிசாகத்தான் நிற்கும், ஈரமாக இருக்கும்போதே பரப்பு இழுவிசை அதை விளிம்பிலிருந்து விலக்கிவிடும். பேடின் மொத்த அழுத்தமும் அங்கே ஒரு கோட்டில்தான் விழும். பரப்பு இழுவிசையை முப்பத்திரண்டு வருடம் நடத்தியவன் நான்! பெருவிரல் அளவு இடம். இனி பெயிண்ட் அடித்தால்தான் உண்டு, எந்தப் பாலிஷும் சரிசெய்யாது. அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

"இதுக்குத்தான்ப்பா கடையில குடுங்கன்னு சொன்னேன்" என்கிறான் மகன். அவன் சொல்வதில் நியாயம் உண்டு. கிளியர் கோட் உரிந்து தோல் தோலாக வருகிற கார், நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறல், இரண்டையும் வீட்டில் தொடாதீர்கள். முதல் நாளே எனக்குப் பயமாக இருந்திருந்தால் நானும் கடைக்குத்தான் போயிருப்பேன். ஆனால் கடைக்குக் கொடுப்பதென்றால் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிற, அளந்து பார்த்துவிட்டுத் தொடுகிற ஆளிடம் கொடுங்கள். அவருக்கு உரிய கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். சர்வீஸோடு சேர்த்து ஓசியில் வருவதை மட்டும் வாங்காதீர்கள். "வேண்டாம், தண்ணி ஊத்திக் கழுவிக் குடுத்தா போதும்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதேபோலக் கண்ணாடி மாதிரி ஆகவேண்டும் என்கிற ஆசையும் எனக்கு ஒப்பவில்லை. என் காரில் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தால் இன்னும் கீறல்கள் தெரியும். அவற்றையும் எடுக்க வேண்டுமென்றால் மிச்சமிருக்கும் படலத்தையும் கொடுக்க வேண்டும். இந்தக் காரை இன்னும் ஐந்து வருடம் திண்டுக்கல் வெயிலில் ஓட்டப்போகிறேன். குடை எனக்கு வேண்டும். மேலே ஒரு மெழுகு போட்டிருக்கிறேன், சில மாதத்துக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும். பனியன் துணி கரி பிடிக்கும் துணியாகச் சமையலறைக்குப் போய்விட்டது.

மச்சான் தன் 1996 மாருதி 800-ஐயும் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்பு வண்டி, சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துக் கிடந்தது. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்த்தேன், துணி சிவந்தது. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அந்த வண்டியில் கிளியர் கோட்டே கிடையாது, மேலே இருப்பது நேரடி நிறம். வெளுத்த தோல் போனதும் உள்ளே இருந்து தக்காளிச் சிவப்பு வந்தது. மச்சான் ஐந்து நிமிடம் பேசவே இல்லை, அதுவே எங்கள் குடும்பத்தில் ஒரு சாதனை.

மிஷின் என் வீட்டு ஷெட்டில்தான் இருக்கிறது. திண்டுக்கல்லில், பக்கத்து ஊர்களில் இருப்பவர்கள் கேட்டால் தருகிறேன், வீட்டுக்கு ஒன்று வாங்குவது வீண். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் சரி. நீட்டிப்பு ஒயரை நீங்கள் கொண்டுவாருங்கள், பேடைக் கழுவிக் காயவைத்துத் திருப்பித் தாருங்கள். முதல் நாள் என் பானெட் ஓரத்தைக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுப்பேன்.