பூனைக்கு அளந்து போட்டால் கஞ்சத்தனமா?

சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "பூனைக்குப் போய் பாக்கெட் சாப்பாடா? எங்க பாட்டி காலத்துல தயிர் சாதம் தின்னுட்டு ஜம்முனு இருந்துச்சே" என்று எழுதியிருந்தார். அதே பக்கத்தில் இன்னொரு வாசகி, தன் வீட்டுப் பூனைக்குக் காலை முதல் இரவு வரை கிண்ணம் குறையாமல் தீனி வைத்திருப்பதாகப் பெருமையோடு எழுதியிருந்தார். இரண்டு பேரும் அன்பாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இரண்டு பேர் சொல்வதும் எனக்குச் சம்மதமில்லை.

முதலில் பாட்டி காலத்துக்கு வருகிறேன். அந்தப் பூனை தயிர் சாதம் தின்றது உண்மை. ஆனால் தயிர் சாதம் மட்டுமா தின்றது? ராத்திரி பூராவும் அடுக்களைப் பரண், மாட்டுக் கொட்டகை, நெல் குதிர் என்று சுற்றி எலி, ஓணான், சிட்டுக்குருவி என்று பிடித்துத் தின்றுவிட்டு, விடிந்ததும் நம் வாசலில் வந்து சாதுவாக உட்கார்ந்திருக்கும். நாம் போட்ட சாதம் அதற்கு நொறுக்குத் தீனி மாதிரி. இன்றைக்கு மூன்றாவது மாடியில், பால்கனிக்கு வலை அடித்த பிளாட்டில் இருக்கிற பூனைக்கு எலி எங்கே கிடைக்கும்? நாம் போடுவதுதான் சாப்பாடு. அதில் இல்லாதது அதன் உடம்பில் சேரவே சேராது.

பூனை நாய் மாதிரி இல்லை. நாய் சாதம், சப்பாத்தி எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். பூனை அப்பட்டமான மாமிசப் பிராணி. டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது. மாமிசத்திலும் மீனிலும்தான் அது உண்டு. பூனையின் உடம்பு அதைத் தேவையான அளவு தானே தயாரித்துக்கொள்ளாது. அது குறைந்தால் பூனைக்குக் கண் பார்வை போகும், இருதயம் வீங்கும். அமெரிக்காவில் கம்பெனித் தீனி தின்ற பூனைகளுக்கே இந்த இருதயக் கோளாறு வந்து, காரணம் டாரின் குறைவுதான் என்று 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் தீனியில் டாரின் அளவைக் கூட்டின. கம்பெனிக்காரர்களுக்கே பாடம் கற்க இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. நாம் தயிர் சாதத்தை வைத்து ஈடு கட்டிவிட முடியுமா?

எங்களைப் போன்ற சைவ வீடுகளுக்கு அதனால் இந்த பாக்கெட் தீனி ஒரு வரப்பிரசாதம் என்றே சொல்வேன். வீட்டில் கறி, மீன் சமைக்க வேண்டாம். பூனையும் பட்டினி கிடக்க வேண்டாம். அசைவம் சமைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: குழம்பில் போட்ட மீனையும் கறியையும் கழுவிப் போட்டால் சரியாகிவிடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். தனியாக, உப்பு காரம் இல்லாமல் வேக வைத்துப் போட்டால் நல்லது. அதுவும் பக்கத் துணையாகத்தான்.

எந்த பாக்கெட் வாங்குவது என்பது அடுத்த கேள்வி. நான் கம்பெனி பெயர் சொல்லப் போவதில்லை. முன்பக்கத்துப் படத்தை நம்பாதீர்கள், பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள் என்று மட்டும் சொல்வேன். புடவை வாங்கும்போது முந்தானையைத் திருப்பிப் பார்க்கிறோமே, அது போல. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் அதிகம் உள்ளதை முதலிலும் குறைவானதைப் பின்னாலும் போடுவது வழக்கம். முதலில் கோழி, மீன் என்று ஏதாவது மாமிசம் இருந்தால் நிம்மதி. 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் அன்றாடச் சாப்பாடு. 'ட்ரீட்' என்று போட்டிருந்தால் மிட்டாய் மாதிரி, எப்போதாவது ஒன்றிரண்டு. அமெரிக்காவின் 'ஆஃப்கோ' அமைப்பின் கணக்குப்படி, ஈரம் நீக்கிப் பார்த்தால் வளர்ந்த பூனைக்குக் குறைந்தது 26 சதவீதமும், குட்டிக்கு 30 சதவீதமும் புரதம் வேண்டும். ஒரு வயது வரை குட்டிகளுக்கான பாக்கெட், அதற்குப் பிறகு பெரிய பூனைக்கானது. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று கலர் கலராக இருப்பது நம் கண்ணைக் கவரத்தான். பூனைக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எங்கள் ஊர்க் கடை ஒன்றில் பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து லூசில் விற்கிறார்கள். நாய்க்கானதா, பூனைக்கானதா என்று கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதாம்மா, எல்லாம் திங்கும்" என்கிறார் கடைக்காரர். தின்னும், யார் இல்லை என்றார்கள்? நாய்த் தீனியில் பூனைக்கு வேண்டிய டாரினும் புரதமும் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மூட்டை எப்போது பிரித்தது, காலாவதி எப்போது என்றும் தெரியாது. தீனியின் மேல் கொழுப்பு தடவியிருப்பார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சீக்கிரம் சிக்கடித்துவிடும். பத்து ரூபாய் மிச்சம் என்று பார்க்காமல் மூடிய பாக்கெட்டாக வாங்குங்கள். பிரித்த பிறகும் அதே உறையோடு ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி வைத்தால் எறும்பும் வராது, எந்தத் தீனி, என்ன தேதி என்பதும் கையில் இருக்கும்.

இனி கிண்ணம் நிறைய வைக்கும் சகோதரிக்கு. எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான்.

கருத்தடை ஆபரேஷன் செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கிற 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 முதல் 250 கிலோ கலோரி போதும். பாக்கெட் தீனியில் 100 கிராமுக்கு 350 முதல் 400 வரை இருக்கும். ஆக, நாள் முழுவதற்கும் 55, 60 கிராம்தான் கணக்கு. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால், "இவ்வளவுதானா? பாவம்!" என்று தோன்றும். நம் கைப்பிடியில் இரண்டு பிடி கூட வராது. அந்தப் பாவத்தில்தான் தப்பு ஆரம்பிக்கிறது. தினம் 15 கிராம் கூடுதலாக விழுந்தால், அது ஒரு நாள் சாப்பாட்டில் கால் பங்கு. போதாததற்கு அரை டம்ளர் பால் வைப்பார்கள். 100 மில்லி பாலில் சுமார் 60 கிலோ கலோரி, அது இன்னொரு கால் பங்கு! வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப் போக்கு ஆவது தனிக் கதை.

பாக்கெட் பின்னால் எடைவாரியாக ஓர் அட்டவணை இருக்கும். அது ஒரு நாள் முழுவதற்குமான அளவு. ஒரு வேளைக்கு என்று நினைத்துக்கொண்டு மூன்று வேளையும் அதே அளவைப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். டம்ளர் கணக்கும் வேண்டாம். எவர்சில்வர் டம்ளர் வீட்டுக்கு வீடு வேறு, தீனியின் உருண்டையும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. சமையலறைத் தராசு இருந்தால் அதில் நிறுங்கள். இல்லாவிட்டால் தெரு முனை மளிகைக் கடையில் ஒரு தடவை நிறுத்து வாங்கி, சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி, எதுவரை வருகிறதோ அங்கே நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். தீனியை மாற்றினால் கோட்டையும் மாற்ற வேண்டும். தீனியையும் ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரம், பத்து நாளில் மாற்றுங்கள்.

அளந்ததை ஒரே தடவையில் கொட்ட வேண்டாம். பூனை சின்னச் சின்ன இரையாகப் பலமுறை தின்னும் பிராணி. காலை, மத்தியானம், சாயங்காலம், படுக்கப் போகும் முன் என்று நாலு பங்காக வையுங்கள். அந்தக் கடைசிப் பங்கு இருந்தால் விடியற்காலை நாலு மணிக்கு நம் முகத்தில் வந்து உட்காருவதும் குறையும். காலைச் சுற்றி உரசினால் எல்லாம் பசி இல்லை. பாதி நேரம் "என்னோடு கொஞ்சம் விளையாடேன்" என்றுதான் அர்த்தம்.

இவ்வளவும் நாம் செய்தாலும் வீட்டில் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மாமியார் "வாயில்லாத ஜீவன்" என்று ஒரு பிடி, பையன் ஸ்கூலில் இருந்து வந்ததும் ஒரு பிடி, ஆபீசில் இருந்து வந்தவர் டி.வி. பார்த்துக்கொண்டே ஒரு பிடி. ஆறு மாதம் கழித்து பூனை குண்டாகி, டாக்டர் "யாரும்மா சாப்பாடு போடறது?" என்று கேட்டால் மட்டும் எல்லோர் விரலும் நம் பக்கம் திரும்பும்! கட்டுப்பாடு பண்ணினாலோ, "பூனைக்குக் கூட அளந்து போடறா" என்று பேச்சு. குழந்தைக்கு மருந்தை அளந்து ஊற்றும்போது யாராவது கஞ்சத்தனம் என்று சொல்வார்களா?

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பூனை 7 கிலோ வந்துவிட்டது. நாலரை கிலோ இருக்க வேண்டியது. பயந்துபோன அந்த அம்மா, யாரோ சொன்னார்கள் என்று மூன்று நாள் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். குண்டுப் பூனையைப் பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய் அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியாது. பூனைக்கு மஞ்சள் காமாலை கண்டு, மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுத்து, எப்படியோ பிழைத்தது. செலவானது ஆயிரக்கணக்கில். ஆகவே குண்டாகிவிட்டது என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு மெல்லத்தான் குறைக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் குறைந்தால் போதும். எந்தப் பூனையும் முழுசாக ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே டாக்டருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

எடை பார்ப்பது கஷ்டமே இல்லை. பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நில்லுங்கள். பிறகு பூனை இல்லாமல் நின்று கழித்துக்கொள்ளுங்கள். (நம் எடையும் தெரிந்து தொலைக்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.) விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு லேசாக ஒடுங்கித் தெரிய வேண்டும்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது. எலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர். பாக்கெட் தீனியில் பத்து சதவீதம் இருந்தாலே அதிகம். பூனையோ இயல்பாகவே தாகம் குறைந்த பிராணி. அதனால் அகலமான கிண்ணங்களில், தீனித் தட்டுக்குத் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். தீனியை வெந்நீரில் ஊற வைத்துக் கொடுத்தாலும் சரிதான். மிச்சத்தை வெயில் காலத்தில் மணிக்கணக்கில் விடாமல் கொட்டிவிடுங்கள். தண்ணீர் போதாமல், குண்டாகி, ஓடியாடாமல் கிடக்கும் பூனைகளுக்கு மூத்திரக் கோளாறு சுலபமாக வரும். ஆண் பூனை அடிக்கடி மண் தட்டில் போய் உட்கார்ந்து, முக்கி, கத்தி, ஒரு சொட்டும் போகவில்லை என்றால் 'மலச்சிக்கல், விளக்கெண்ணெய் கொடுக்கலாம்' என்று காத்திருக்காதீர்கள். மூத்திரம் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். ராத்திரியானாலும் ஆட்டோ பிடியுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் ராத்திரியில் பார்க்கும் கால்நடை டாக்டர் யார் என்று இன்றைக்கே விசாரித்து, நம்பரைக் காலண்டரில் எழுதி வைத்துவிடுங்கள்.

காலண்டர் என்றதும் இன்னொன்று. கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறிப்பது போல, தீனி பாக்கெட் பிரித்த தேதியையும் குறியுங்கள். தினம் 55 கிராம் என்றால் 1.2 கிலோ பாக்கெட் கிட்டத்தட்ட 22 நாள் வர வேண்டும். பதினாலாம் நாளே டப்பா காலியென்றால், ராத்திரி யார் கை டப்பாவுக்குள் போகிறது என்று வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டுவிடலாம்.

– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்