வரியெண் சுட்டும் இடமும் பிழை இருக்கும் இடமும்

ஹைதராபாத்தில் 1967ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா நிறுவனம், டி.டி.சி.-12 முதலிய உள்நாட்டுக் கம்ப்யூட்டர்களைத் தயாரித்து வழங்கியது. அந்நகரின் அமீர்பேட்டைப் பயிற்சி நிலையங்களில் இன்று எண்ணற்ற இளைஞர் நிரல் எழுதப் பயில்கின்றனர். அங்கும் பிற ஊர்களிலும் பயில்வோர் தொடக்கத்திலேயே ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கின்றனர். ஒன்பதாம் வரியில் பிழை என்று கம்பைலர் அறிவிக்கிறது. அவ்வரியிலோ பிழை யாதுமில்லை.

இதன் காரணம் எளியது. சி மொழியில் வாக்கியத்தை முடிப்பது அரைப்புள்ளியே. வரியின் முடிவு அன்று. ஏழாம் வரியின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டு, எட்டாம் வரி வெறுமையாக இருப்பின், நம் கல்லூரிகளில் நெடுங்காலம் வழங்கிய டர்போ சி போன்ற கம்பைலர், வாக்கியம் தொடர்வதாகவே கருதிச் செல்லும். ஒன்பதாம் வரியின் முதற்சொல்லைக் கண்ட பின்னரே ஐயுறும். ஆகவே அது தரும் எண், பிழை உணரப்பட்ட இடத்தைக் குறிப்பதாகும். தலைப்புக் கோப்பின் முடிவில் விடுபட்ட அரைப்புள்ளிக்காக வேறொரு கோப்பு பழி சுமப்பதும் உண்டு.

2018இல் வெளிவந்த ஜி.சி.சி. 8ஆம் பதிப்பு, விடுபட்ட அரைப்புள்ளியை முந்தைய சொல்லின் இறுதியிலேயே சுட்டத் தொடங்கியது. இது வரவேற்கத்தக்கது. ஆயினும் மூடப்படாத நெளிவு அடைப்புக்குறிக்கு இவ்வாறு எளிதில் தீர்வு காண இயலாது. அதனை எங்கே மூட எண்ணினார் என்பதை எழுதியவரே அறிவார். கம்பைலரோ கோப்பின் கடைசி வரியில் வந்து முறையிடும். பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர் 2017இல் வெளியிட்ட 'டீப்ஃபிக்ஸ்' முறை, நிரல் முழுவதையும் ஆராய்ந்து பிழையிடத்தைத் தானே ஊகிக்க முயன்றது. தொடக்கநிலை மாணவர் எழுதிய பிழையுள்ள 6,971 சி நிரல்களில் 27 விழுக்காட்டையே அதனால் முற்றிலும் திருத்த முடிந்தது.

எனவே ஆசிரியரின் பொறுப்பு நீங்கவில்லை. "காட்டிய வரியைப் பார்" என்று மட்டும் கூறி அகல்வது, சரியான வரியை மாணவர் திருத்தித் திருத்திக் கெடுப்பதற்கே வழிசெய்யும். தமக்கு இக்கலை வாராது என்று சிலர் துறையையே விட்டுச் செல்வதும் உண்டு. பிழையற்ற நிரலொன்றிலிருந்து ஆசிரியர் தாமே ஓர் அரைப்புள்ளியை நீக்கி, எந்த வரியெண் வரும் என மாணவரை முன்கூட்டியே சொல்லச் செய்தல் வேண்டும். பல பிழையறிவிப்புகள் வந்தால் முதலாவதை மட்டும் கருத்திற்கொண்டு, அங்கிருந்து மேல்நோக்கிப் படிக்கப் பழக்குதல் வேண்டும். அதுவும் பயனளிக்காவிடில், நிரலின் ஒரு பாதியைக் குறிப்புரையாக்கி விலக்கி, பிழை மறைகின்றதா எனப் பார்த்து எல்லையைச் சுருக்கலாம். விலக்கும் பகுதி முழுமையான செயற்கூறாக இருத்தல் நலம். அடைப்புக்குறிகளுக்கு நடுவே வெட்டினால் புதிய பிழைகள் முளைக்கும்.